பத்மாவதி அடைத்த காற்றுவழி

பத்மாவதியின் சலவைக்கூடத்தில், பாய்லர் அறையின் பின்சுவரில் தரையோரமாகக் கம்பிவலை போட்ட ஒரு காற்றுவழி உண்டு. அதற்கு மேலே சிவப்புச் சாயத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கும்: 'இதை அடைக்காதே, இதன் முன்னால் எதையும் வைக்காதே.' எழுதியவர் அவள் கணவர் விஸ்வலிங்கம். அவர் போன பிறகு, எழுத்து மங்க மங்க மறுபடி சாயம் பூசுகிறவள் பத்மாவதிதான். யாராவது ஒரு துணிக்கூடையை அந்தப் பக்கம் ஒதுக்கினால் போதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று திட்டுவாள்.

அந்த எழுத்துக்குக் கீழே பலகையைச் சாத்தியவளும் அவள்தான்.

சூலியா தெருவுக்குப் பின்னால், இரண்டு கடைவீட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடும் சந்தில் இருக்கிறது சலவைக்கூடம். ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளையெல்லாம் சின்னச் சின்ன ஓட்டல்களாக மாற்றியபோது, அவற்றின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துக் கொடுக்க விஸ்வலிங்கம் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்தில் கிராணி என்ற எழுத்தர் உத்தியோகம் பார்த்த குடும்பம் பத்மாவதியுடையது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், "இன்னும் அந்த டோபி வேலைதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "உங்க பிள்ளைங்க ஓட்டல்ல படுத்து எழும்புற மெத்தை சுத்தமா இருக்குன்னா அது நான்தான்," என்பாள். சுத்தம் என்ற சொல் அவள் வாயில் அடிக்கடி வரும்.

இஸ்திரி போடுகிறவள் ஹாஜரா. பாயான் பாருவிலிருந்து பஸ் ஏறி வருவாள். விஸ்வலிங்கம் இருந்த காலத்திலிருந்தே அவள்தான். பத்மாவதியை அக்கா என்பாள், கோபம் வந்தால் முதலாளியம்மா என்பாள். நோன்பு மாதத்தில் பத்மாவதி அவள் கண்முன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கந்த சஷ்டி விரதத்தின்போது ஹாஜரா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்வாசல் நடைபாதைக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

சந்துக்கு எதிர்ப்பக்கம் நாகூர் மீரானின் நாசி கண்டார் சோற்றுக்கடை. அந்த வருஷம் அவர் அடுப்படியைப் பெரிதாக்கி, புது விசிறி வைத்து, புகைபோக்கியைச் சந்துப் பக்கம் திருப்பியிருந்தார். திரும்பிய இடம் சரியாகப் பத்மாவதியின் பாய்லர் அறைக்கு எதிரே. மற்ற நாளில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சஷ்டி தொடங்கியதும்தான் தெரிந்தது. காலையில் குளித்து, விளக்கேற்றி, பாலும் பழமுமாக வந்து கதவைத் திறந்தால், கூடம் முழுக்க மீன் தலைக் குழம்பும் பொரித்த கோழியும். முடியில், சேலையில், மடித்து வைத்த விரிப்பில். சாயங்காலம் அப்படியே கோயிலுக்குப் போய் நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் விலகி நின்றது போலிருந்தது. விலகினாளோ இல்லையோ, பத்மாவதிக்கு அப்படித் தோன்றியது.

மீரானிடம் சொல்லலாம். சந்தைத் தாண்டினால் அவர் கடை. ஆனால் எப்படிச் சொல்வது? உங்கள் சாப்பாட்டு நாற்றம் என் விரதத்தைக் கெடுக்கிறது என்றா? எந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தாலும் அது அவர் முகத்தில் போய் அடிப்பதாகத்தான் இருந்தது. எனவே சொல்லவில்லை. மறுநாள் ஹாஜரா வருமுன் ஒரு பிளைவுட் பலகையை எடுத்து அந்தக் காற்றுவழியை மூடினாள். ஓரத்தில் இடைவெளி தெரிந்த இடத்திலெல்லாம் பழைய துண்டுகளைத் திணித்தாள். விரதம் முடிகிறவரைதானே, மேலே இன்னொரு திறப்பு இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எதற்காக இரண்டு திறப்பு என்று விஸ்வலிங்கம் எத்தனையோ முறை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. வந்தும் திணித்தாள்.

வாசனை நின்றது. கூடத்தில் சோப்புத்தூள் மணம் மட்டும்.

அதற்குப் பின் நடந்ததற்கெல்லாம் ஒவ்வொரு காரணம் கைவசம் இருந்தது. தலை வலித்தது, விரதமென்றால் வலிக்கும். கண்ணாடியில் நீர் வழிந்தது, மழைக்காலம். பாய்லரின் நீலத் தீ மஞ்சளாகி ஆடியது. கேஸ் தீரப் போகிறது போலும். ஹாஜரா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றாள். தீபாவளி விடுமுறைக் கூட்டம் இன்னும் குறையவில்லை, ஓட்டல்கள் நிரம்பி வழிகின்றன, இந்தத் துணிக்கட்டை மட்டும் முடித்துவிட்டுப் போயேன் என்றாள் பத்மாவதி.

அந்தத் துணிக்கட்டு பாதிகூட முடியவில்லை. ஒரு விரிப்பை விரித்த கையோடு ஹாஜரா மேசையோரம் சரிந்து உட்கார்ந்தாள், பிறகு படுத்துவிட்டாள். தூக்கப் போனபோது பத்மாவதிக்கே கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சந்துக் கதவைத் தள்ளி மீரானைக் கூப்பிட்டாள். அவர் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். ஹாஜராவைத் தோளில் போட்டுச் சந்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார். பத்மாவதி நடந்து வருகிறேன் என்று சொன்னதைக் காதில் வாங்காமல் அவளையும் இழுத்து வந்தார். வெளிச்சுவரில் இருந்த கேஸ் வால்வை மூடினார். அவர் சட்டையெல்லாம் மசாலா. அந்தச் சட்டையில் முகம் பதிந்துதான் பத்மாவதி வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பத்மாவதியை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். ஹாஜராவை விடவில்லை.

மறுநாள் பாய்லரைப் பார்க்க யுகேந்திரன் வந்தான். வழக்கமாகப் பராமரிப்பு வேலைக்கு வருகிறவன். மீரானும் கூட வந்து நின்றார். பலகையையும் துண்டுகளையும் பார்த்ததும் யுகேந்திரன் குந்தி உட்கார்ந்தான்.

"யாரு அக்கா இத அடைச்சது?"

பத்மாவதி வாயைத் திறக்குமுன் மீரான் முந்திக்கொண்டார். "எலிப்பா. இந்தச் சந்துல பூனை சைஸுக்கு ஓடுது. தங்கச்சி தனியா என்னதான் செய்யும்லா."

அவர் தெரியாமல் கொடுத்த பொய் அவள் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. வைத்துக்கொண்டாள்.

தீ எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும், கிடைக்காவிட்டால் அறைக்குள் இருப்பதைத் தின்னும், அதுவும் பற்றாவிட்டால் அரைகுறையாக எரிந்து விஷவாயு கிளம்பும் என்று யுகேந்திரன் மீரானுக்கு விளக்கினான். போதாததற்கு இஸ்திரி அறையின் விசிறி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்ததால், குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பிவிட்டது. "மோந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாதுண்ணே. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது," என்றான். பத்மாவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் விரலால் கம்பிவலையைத் தடவிப் பார்த்தான். எலி நுழைகிற மாதிரி ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டான்.

அன்று மத்தியானம் மீரான் கடையிலிருந்து ஒரு தூக்குச் சட்டி வந்தது. கொண்டுவந்த பையன், புதுச் சட்டியில் செய்தது, வெங்காயம் பூண்டு இல்லை, மீன் சமைத்த கரண்டி படவில்லை என்று முதலாளி சொல்லச் சொன்னார் என்றான். பருப்பும் பூசணிக்காயும். சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. சட்டியில் விலைச்சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை. கடைசியில் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

ஹாஜரா வேலைக்குத் திரும்பியபோது சஷ்டி முடிந்து திருக்கல்யாணமும் ஆகியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். மீரான் அண்ணன் சொன்ன எலி எங்கே, பிடிபட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பத்மாவதி இஸ்திரிப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி நிறுத்தினாள். பிறகு சொன்னாள். எலி இல்லை என்பதிலிருந்து தொடங்கி, கோயிலில் விலகி நின்ற பெண்வரை.

ஹாஜரா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையில் சுற்றியிருந்த துணியில் காலையில் மீரான் கடையில் வாங்கித் தின்ற ரொட்டியின் மணம் இருந்தது. இத்தனை வருஷமும் இருந்திருக்கும்.

"எலின்னே விட்டிருக்கலாம்கா," என்றாள் கடைசியில். "நான் நம்பியிருப்பேன்."

"பொய் சொல்லி உன்ன வேலை வாங்கச் சொல்றியா?"

"என்னை விடுங்க. மீரான் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்காகச் சட்டி வாங்கின மனுஷன்."

அன்று ஹாஜரா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்ச் சாப்பிட்டாள். விரதம்தான் முடிந்துவிட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. காலையில் வந்ததும் நேரே பாய்லர் அறைக்குப் போய், குனிந்து, காற்றுவழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகே இஸ்திரியைத் தொட்டாள். பத்மாவதி பார்க்கிறாள் என்று தெரிந்தே செய்தாள்.

மீரானோ பெரிய எலிப்பொறி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து, தானே கருவாடு குத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். தினமும் கடை திறக்கிறபோது சந்துக்கு அப்பால் நின்று கேட்பார்: "மாட்டிச்சா தங்கச்சி?" இன்னும் இல்லை அண்ணே என்பாள். விவரமான எலி என்று கடைக்காரப் பையன்கள் சிரிப்பார்கள். சாப்பிட வருகிறவர்களிடமும் அவர் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதையில் பத்மாவதி பாவப்பட்ட விதவை, எலிகளோடு ஒற்றையாய்ப் போராடுகிறவள். கேட்டவர்கள் அவளைச் சந்தில் கண்டால் விசாரித்தார்கள். ஒருத்தர் பூனைக்குட்டி தரட்டுமா என்றார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. காலைக் கூட்டம் வருமுன் பொறியை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டினாள். மீரான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எலியே இல்லண்ணே. விரதம்னு உங்க கடை வாசனை வராம இருக்கத்தான் அடைச்சேன்."

அவர் கத்தி நிற்கவில்லை. கையிலிருந்த காயை முடித்தார், இன்னொன்றை எடுத்தார். அதை நறுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜரா புள்ள செத்திருக்கும்," என்றார்.

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தப் பைப்ப மேல தூக்கி விட்டிருப்பேன். அரை நாள் வேலை. கேக்கக்கூட மனசு வரலயா?"

சங்கடமாக இருந்தது என்று சொல்ல வந்தாள். அந்தச் சொல் இப்போது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று தெரிந்து விட்டுவிட்டாள். அவர் எழுந்து பொறியை வாங்கிக்கொண்டார். "சரி, மேடம்," என்றார். குரலில் கோபம் இல்லை.

அந்த வாரமே ஆள் வந்து புகைபோக்கியைக் கூரைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். எலிக்கதையை மீரான் யாரிடமும் சொல்வதில்லை. வேறு எந்தக் கதையும் சொல்லவில்லை. பத்மாவதியைப் பார்த்தால் தலையசைப்பார், வணக்கம் மேடம் என்பார். ஹாஜரா மட்டும் ஒரு மழைநாளில், நடைபாதை நனைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை உள்ளேயே பிரித்தாள். பத்மாவதி அவளுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

காற்றுவழியில் கை வைத்துப் பார்ப்பதை ஹாஜரா இன்னும் விடவில்லை. பத்மாவதியும் இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள். "வருது," என்பாள் ஹாஜரா. சந்திலிருந்து ஈரக்காற்று மட்டும் உள்ளே வரும். அதில் எந்த வாசனையும் இருக்காது. பத்மாவதி பாய்லரைப் பற்றவைப்பாள்.