ரெண்டு வருஷம் கழிச்சுப் போம்மா

மைசூரில் என் டீமில் வேலை செய்பவள் ரம்யா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால் பெண். எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் 'சார்' என்பாள், தனியாகத் தமிழில் பேசும்போது 'அண்ணா'.

நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் கேன்டீனில் கேட்டாள். "அண்ணா, வெளிநாட்டுல எம்பிஏ சீட் கிடைச்சிருக்கு. இப்பவே போகட்டுமா, இல்ல கொஞ்சம் அனுபவம் சேத்துட்டுப் போகட்டுமா?"

போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த மாதம் பெரிய புராஜெக்ட் ஆரம்பம். அவள் இல்லாமல் நான் திண்டாடியிருப்பேன். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னேன்: "ரெண்டு வருஷம் கழிச்சுப் போம்மா. இன்னும் நல்ல காலேஜே கிடைக்கும்."

நன்றி சொல்லிவிட்டு அந்த சீட்டை வேண்டாமென்று எழுதிவிட்டாள். புராஜெக்ட் முடிந்தது, எனக்குப் பதவி உயர்வு வந்தது. பிறகு அவள் இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதே கேள்வியோடு என் அறைக்கு வந்தாள். "ரம்யா அக்காதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க சார். நம்ம நல்லதுக்குத்தான் சொல்வீங்களாம்."

"இப்பவே கிளம்பிடு" என்றேன்.

அவள் வெளியே போய் ரம்யாவிடம் ஏதோ சொல்வது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. ரம்யா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று கேன்டீனில் எனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுத முடிகிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.