அப்பாவின் கால்மாட்டில் நான்கு சிவப்புக் கோடுகள்

செத்துப்போன அப்பாவையும் இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று நான் நம்பினேன். ஐம்பது வயதில், மீசையெல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முழுக்க நம்பினேன்.

முழுத் தப்பும் என்மேல் இல்லை. எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் சிவப்பு பெயிண்டுக்கு ஒரே வேலைதான். சாலையை அகலப்படுத்த வருகிறவர்கள் வீட்டுச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் பின்னாலேயே இயந்திரம் வரும். எங்கள் வீட்டின் முன்னறை அப்படித்தான் போனது. அதனால், கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் ராயபுரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அப்பாவின் கால்மாட்டில் மூன்று சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும், அடுத்து இங்கேயும் இயந்திரம் வரும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்பாவுக்காக மட்டும் பயப்படவில்லை. புதைக்க இடமில்லாத ஊர் இது. ஒரே குழியில் ஒருவருக்கு மேல் ஒருவரை வைப்பதுதான் எங்கள் வழக்கம். அந்த இடத்துக்கு அம்மா எப்போதோ துண்டு போட்டுவிட்டாள். “ரயில்ல போனா உங்கப்பன்தான் எப்பவும் மேல் பெர்த்து. இங்க மட்டும் எனக்கு மேல் பெர்த்து” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் போய், அந்த பெர்த் ரத்தாகப் போகிறது என்று எப்படிச் சொல்வது?

நான் காசிமேட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன். வண்டிப் பெட்டியில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் எப்போதும் இருக்கும். துணியில் நனைத்துத் தேய்த்தேன். கோடு போகவில்லை, பரவியது. அப்பாவின் காலுக்கு யாரோ மருதாணி வைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. வாசல் கடைக்கு ஓடி, தெர்மாகோலில் பிளாஸ்டிக் ரோஜா குத்திய பெரிய வளையம் ஒன்றை வாங்கிவந்து அதன்மேல் சாத்தினேன். இயந்திரக்காரன் வந்தாலும் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான் என்று ஒரு கணக்கு.

அந்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஐந்தாறு முறை போன் வந்தது. அதற்கு முன்பும் அவ்வப்போது வந்த எண்தான். லோன் வேண்டுமா என்று கேட்கிற ஆள் என்று நினைத்து எடுக்காமல் விட்டிருந்தேன். இப்போது, காலி செய்யச் சொல்கிற அதிகாரி என்று நினைத்து எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்பது என் சட்ட ஞானம்.

திருநாள் காலையில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

“கூட்டம் நெரியும்மா. நீ வூட்லயே இரு, நான் பாத்துக்கிறேன்.”

“செத்தவங்களப் பாக்க உயிரோட கீறவங்க கூட்டமா வராம யாருடா வருவாங்க? வண்டிய எடு.”

கையில் இன்னொரு வளையம், முன்னதைவிடப் பெரியது, எடுத்துக்கொண்டேன். அம்மா பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும் என்று கல்லறைகளுக்கு நடுவே பாதி ஓட்டமாகப் போனேன். பழைய வளையத்தைக் காணோம். மருதாணிக்குப் பக்கத்தில், பளிச்சென்று, நான்கு கோடுகள்.

பக்கத்து வரிசையில் கையுறை போட்ட ஒரு பெண் சாக்கோடு குனிந்திருந்தாள். பங்குச் சர்ச்சிலிருந்து வந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறவர்களில் ஒருத்தி. அவளிடமே கத்தினேன்: “எங்கப்பாவ எங்க தூக்கினு போப்போறீங்க?”

அவள் நிமிர்ந்து, என்னையும் வளையத்தையும் பார்த்தாள். “உங்கப்பாவ யாருண்ணா தூக்கினு போறது? நீ போட்ட குப்பையத்தான் தூக்கினு போறோம். ஒரு சாக்குக்கு ஒரு கோடு. பழைய மூணையும் போன மாசம் மொத்தமா போட்டோம்.”

“போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?”

“ரிஜிஸ்தர்ல கீற நம்பருக்கு நாலு மாசமா பண்ணினு கீறேன். நீ எடுத்தாத்தானே?”

மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா வந்து சேர்ந்தாள். அந்தப் பெண் அவளிடம் ஒவ்வொன்றாக விளக்கினாள். நிஜப் பூவென்றால் மூலைக் குழியில் போட்டு எருவாக்கிச் செடிகளுக்கே போடுகிறார்கள். மெழுகுத் துண்டுகளை உருக்கி மறுபடி மெழுகுவத்தியாக வார்க்கிறார்கள். வளையத்தின் கம்பி காயலாங்கடைக்குப் போகிறது. “இந்த தெர்மாகோலுதான்மா பேஜாரு. எவனும் வாங்க மாட்றான். இதுல, கோட்டு மேல தின்னர் வேற ஊத்தி எவனோ கலீஜ் பண்ணி வெச்சிருக்கான் பாரு.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பக்கத்துக் கல்லறையில் எழுதியிருந்த வசனத்தை மிகுந்த பக்தியோடு படித்துக்கொண்டிருந்தேன்.

“டேய், உங்கப்பன் உயிரோட இருந்தப்போ ஒரு முழம் பூ வாங்கியாந்திருப்பியா? இப்போ எம்மேல கொட்டவும் சேத்து வெக்கிறியா?”

பிறந்தநாளுக்கு ஒரு சாக்கு, கல்யாண நாளுக்கு ஒன்று, நினைவு நாளுக்கு ஒன்று, பயத்தில் ஒன்று. நான்கு சாக்குக் குப்பையையும் போட்டவன் நான். அப்பாவை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அம்மாவின் மேல் பெர்த் அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கு அவள் உதிரிச் சாமந்தியைத் தூவி, ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றினாள். புது வளையத்தை நான் வண்டியில் மாட்டித் திரும்பக் கொண்டுவந்தேன். காயலாங்கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.