முழு வீடியோ யேசுரத்தினத்திடம் இருக்கிறது

நியமனக் கடிதத்தின்படி யேசுரத்தினம் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் ஊடகத்துறை ஆலோசகர். அறிக்கைகளைத் தயாரிப்பவர், பத்திரிகையாளர்களோடு தொடர்பு பேணுபவர். உண்மையில் அவர் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தலைவரின் வேனில் பின் சீட்டில் போகிறார். கூட்டத்தில் தலைவருக்குப் போர்த்தும் பொன்னாடைகளை மடித்துச் சேர்ப்பதும் அவர் வேலைதான்; அடுத்த தோட்டத்தில் அதே பொன்னாடை வேறொருவர் கையால் அதே தோளில் ஏறும். ஆலோசனையை மட்டும் யாரும் கேட்டதில்லை. மனைவி மரியகொரட்டி மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்ததும், "ஆலோசகர் ஐயா, வெறகு காஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்பாள்.

தலைவர் தன் பேச்சு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை பதிவு செய்யச் சொல்வார். வரலாற்றுக்காக அல்ல. திரும்பும் வழியில் வேனிலேயே போட்டுப் பார்த்து, எங்கே கை தட்டினார்கள், எங்கே தட்டவில்லை என்று கவனிப்பதற்காக.

வம்பாகப் பேசிவிட்டுப் பின்வாங்குவதிலும் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள், சொன்னேன், அதற்கென்ன என்பார். மறுநாள், சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை. அதற்கும் ஊர் அடங்காவிட்டால், சொல்லவே இல்லை. எதைச் சொல்கிறாரோ அதைச் சொல்லும் நேரத்தில் முழு மனதாக நம்புவார். அதனால் அவரைப் பொய்யர் என்று சொல்வதும் கஷ்டம்.

ஒரு நாள் தோட்டக் கூட்டம் ஒன்றில், பதுளை டவுனில் முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்குகிறவர்கள் நம்ம ஆட்களே இல்லை என்று பேசினார். ஹுமைத் என்ற பகுதிநேர நிருபர் அதைத் தன் போனில் எடுத்து ஒரு தொலைக்காட்சிக்கு அனுப்பினார். அது ஒளிபரப்பானதும் கொழும்பிலிருந்து பெரிய இடத்து ஆள் ஒருவர் தலைவரை அழைத்துப் பேசினார். தலைவர் முதல் இரண்டு படிகளையும் தாண்டி நேரே மூன்றாவதற்கு வந்துவிட்டார்.

"வெட்டி ஒட்டியிருக்காங்க," என்றார் தொலைக்காட்சியில். "முஸ்லிம் சகோதரர்கள் எனக்கு உசிரு மாதிரி. முழு வீடியோ என் ஊடகப் பிரிவுல இருக்கு. யார் வேணும்னாலும் வாங்கிப் பாக்கலாம்."

ஊடகப் பிரிவு அப்போது தோட்டத் தொழிலாளர் லயத்தில், தன் வரிசை வீட்டில், சோறு தின்றுகொண்டிருந்தது.

தலைவர் அதோடு நிற்கவில்லை. ஹுமைத் போலி வீடியோ செய்து இனங்களுக்குள் பகை மூட்டிவிடுகிறார் என்று பொலிசில் முறைப்பாடும் கொடுத்தார். சொன்னவர் வெளியே இருக்க, எடுத்தவர் உள்ளே போகும் நிலை.

அடுத்த நாள் மாலை ஹுமைத் லயத்துக்கு வந்தார்.

"யேசண்ணே, போனை பொலிசுல வாங்கி வச்சிக்கிட்டாங்க. நாளைக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. உள்ள போட்டுருவாங்கன்னு உம்மா அழுவுறாங்க. நான் வெட்டினேனா, நீங்களே சொல்லுங்க."

"வெட்டித்தானே இருக்கீங்க, தம்பி."

யேசுரத்தினம் கேமராவைப் போட்டுக் காட்டினார். சின்னத் திரையில் தலைவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். கை தட்டல் சரியாக விழவில்லை. யாரோ இருமியது மட்டும் கேட்டது. தலைவர் அதையே இன்னும் உரக்க இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை தட்டினார்கள்.

"டீவிக்கு ஒரு தடவ போதும்னு ரெண்டாவத வெட்டி எடுத்துட்டேன்," என்றார் ஹுமைத்.

"அதத்தான் சொல்றேன். வெட்டுனது உண்மைதான்னு ஆயிருச்சே."

மரியகொரட்டி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "மொத மொத ஒரு மனுசன் ஆலோசன கேட்டு வந்திருக்காரு. பாத்துச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் அழைப்பு வந்தது.

"யேசு, அந்த வீடியோவ அழிச்சிரு."

"யார் வேணும்னாலும் பாக்கலாம்னு டீவியில சொன்னீங்களேங்க ஐயா."

"அது டீவிக்குச் சொன்னதுய்யா."

"எது டீவிக்கு, எது எனக்குன்னு எப்படிங்க ஐயா எனக்குத் தெரியும்?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அழிக்கலேன்னா இனி என் வேன்ல ஏறாத. இத ஒனக்குத்தான் சொல்றேன்."

போனைக் கீழே வைத்ததும் மரியகொரட்டி கேட்டாள்: "பழையபடி கல்யாணம் எடுக்கப் போவீங்களா?"

"இப்பத்தான் எல்லார் கையிலயும் போன் இருக்கே. யாரு நம்மளக் கூப்புடுறா?"

"அப்ப?"

யேசுரத்தினம் ஹுமைத்திடம், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை அவர் ஹுமைத்தோடு பதுளைக்குப் போய், முழு வீடியோவையும் பொலிசில் கொடுத்து, அதை எடுத்தது தான்தான் என்று வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.