தணியாத உடம்பு

சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேலை நெய்கிறேன். சில வருடங்களுக்கு முன் தறிச் சத்தத்துக்கு நடுவே யாரோ என்னைத் திட்டும் குரல் கேட்க ஆரம்பித்தது. சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரையில் குரல்கள் அடங்கின. நான் மாத்திரை சாப்பிடுவது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தறிக்கூடத்தில் ஒரு பார்வை, சொந்தத்தில் ஒரு பார்வை என்று ஆகிவிடும் என்று பயந்தோம்.

பழைய மாத்திரை எந்நேரமும் தூக்கத்தில் தள்ளியதால் மருத்துவர் வேறு ஒன்று மாற்றிக் கொடுத்தார். சில வாரங்கள் நன்றாகத்தான் போனது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்தபோது உறுப்பு விறைத்திருந்தது. மனதில் எந்த ஆசையும் இல்லை. தானாக அடங்கும் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன்.

அடங்கவில்லை. லுங்கியை மடித்துக்கட்டாமல், யார் கண்ணிலும் படாதபடி தறியை ஒட்டியே நின்றேன். நேரம் ஆக ஆக வலி ஏறியது. தறிக்கூடத்துக் குளியலறையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தேன். பயனில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய்க் கேட்டாள்.

"ஏனுங்க, மறுபடியும் அந்தச் சத்தம் கேக்குதுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். வாயால் சொல்ல முடியாமல் லுங்கியை விலக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள். விடிந்ததிலிருந்து என்றதும் எழுந்து ஆட்டோவுக்குப் போன் செய்தாள். இதைப் போய் ஆஸ்பத்திரியில் எப்படிக் காட்டுவது, நான் வரமாட்டேன் என்றேன். அவள் என் சட்டையை எடுத்து நீட்டினாள்.

ஆட்டோக்காரர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கிட்னியில் கல் என்று சொல்லி வைத்தாள். அவர் வழி நெடுக வாழைத்தண்டுச் சாற்றின் மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். வீரியத்துக்கு ஏதாவது மாத்திரை போட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு எதற்காவது மருந்து சாப்பிடுகிறேனா என்றார். அதற்கும் இல்லை என்றேன். சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், தானாக வந்துவிட்டது.

திரைக்கு வெளியே நின்ற மனைவி உள்ளே வந்தாள். "சாப்பிடறாருங்க. மனசுக்குச் சாப்பிடறாரு" என்று பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அந்த நொடியில் அவள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அட்டையைப் பார்த்த டாக்டர் உடனே பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த மாத்திரையால அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். உங்க தப்பு எதுவும் இல்ல. ஆனா ரத்தம் உள்ளயே தேங்கி நிக்குது. இதுக்கு மேல விட்டா அந்த இடம் கெட்டுப்போயிரும்."

மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் ரத்தத்தை இழுத்தார்கள். கறுப்பாக வந்தது. திரும்பத் திரும்ப இழுத்து, மருந்தும் செலுத்தினார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இனி நான் ஆம்பளையாக இருப்பேனா என்ற ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் தாண்டித்தான் விறைப்பு அடங்கி வலி இறங்கியது.

அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். எனக்கோ எந்த மாத்திரையும் வேண்டாம் என்றிருந்தது. மறுநாள் மனநல மருத்துவரிடம் அதையே சொன்னேன். இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். சொன்னால் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்ததாகச் சொன்னவர், பிறகு அவரே, "சொல்லியிருக்கணும்" என்றார்.

மனைவி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள். "மாத்திரைய நிறுத்தி அந்தச் சத்தம் திரும்ப வந்தா, உங்களை வெச்சுக்கிட்டு நான் தனியா என்னங்க பண்ணுவேன்?"

மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, வேறொரு புது மாத்திரை எழுதி, அது என்னென்ன செய்யக்கூடும் என்று படுக்கையறை விஷயம் வரை விளக்கினார். இதிலும் அப்படி நடக்கச் சிறு வாய்ப்பு உண்டு, நடந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார். மனைவி கூச்சப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

பல மாதங்கள் உடம்பு பழையபடி இல்லை. இப்போது ஓரளவு திரும்பியிருக்கிறது, முழுதாக இல்லை. குரல்கள் வரவில்லை. புது மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறேன்.