சக்கரம் விழுங்கும் பிராணி

கோவில்பட்டியில் இருந்துகொண்டு பூதங்களையும் மந்திரவாதிகளையும் பற்றிக் கதை எழுதிப் பிழைக்கிறாள் காளீஸ்வரி என்றால், அவள் தெருவிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் அவள் சினிமாவுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் எழுதுவது விளையாட்டுக்கு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு. சென்னையில் வேலை பார்த்த நாட்களில் அதைப் பைத்தியமாக ஆடியவள். கல்யாணமாகி ஊருக்கு வந்த பிறகு, இந்த மாதிரிக் கதைகளை வெளியிடும் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு எழுதி அனுப்பினாள். சின்னக் கதைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். பிறகு முழுநீளக் கதை ஒன்று கேட்டார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

பனிமலை, அதன்மேல் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு சூனியக்காரன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஆபீஸ் என்றால் மேலாளர் வந்து தலைக்கு மேல் நிற்பார். இங்கே கேட்க ஆளில்லை. மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிப் பார்த்தாள். பீரோக் கதவில் கால அட்டவணை ஒட்டினாள். ஊக்கம் தரும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தாள். ஊக்கம் வந்தது; அந்த ஊக்கத்தில் பரணைச் சுத்தம் செய்தாள்.

நூற்பாலையில் ஷிப்டு முடிந்து வந்த அவள் கணவன் மாரிராஜ் நிமிர்ந்து பரணைப் பார்த்தான்.

“இன்னைக்கும் எழுதலையோ?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நீ எழுதாத அன்னைக்குத்தான் வீடு இப்படி மினுங்குது.”

ஐப்பசியில் ஒருநாள், சித்தி வீட்டுக் காதுகுத்துக்காகப் பசுவந்தனை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது பஸ்ஸின் இடப்பக்கச் சக்கரங்கள் ரோட்டை விட்டு இறங்கிவிட்டன. மழையில் ஊறிய கரிசல் மண். டிரைவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் உள்ளேதான் போனது. டிராக்டர் கூட்டிவருவதாகச் சொல்லிக் கண்டக்டர் இறங்கிப் போனார்.

தூறலுக்குப் பயந்து எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள். கைக்குட்டை எடுக்கப் பையைத் துழாவியபோது காளீஸ்வரியின் இருபது முகப் பகடை கீழே விழுந்து உருண்டது. பக்கத்தில் இருந்த பெண் அதைக் குனிந்து எடுத்தாள். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி அடுக்கும் வேலை பார்க்கும் இசக்கியம்மாள்.

“இது என்னத்தா, இத்தனை மூஞ்சி இருக்கு?”

“நான் கதை சொல்லுவேன்க்கா. நீங்க அதுக்குள்ள ஒரு ஆளு. என்ன செய்யணும்னு நீங்க சொல்லணும். பலிக்குமான்னு இத உருட்டிப் பாப்போம். பெரிய நம்பர் விழுந்தா பலிக்கும்.”

“சரி, சொல்லு. சும்மாதான இருக்கோம்.”

பனிமலையையும் கோட்டையையும் சொல்லிவிட்டு, “உள்ள போறியளா?” என்று கேட்டாள்.

“நான் எதுக்குப் போகணும்? அவன் பாட்டுக்கு அங்கன இருக்கான். என் சோலிய நான் பாக்குதேன்.”

அந்தக் கோட்டைக்குள் போகக் காளீஸ்வரிக்கே ஆசை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“சரி, வேற சொல்லுதேன். ஒரு கரிசக்காடு. மண்ணுக்குள்ள ஒரு பிராணி கெடக்கு. மழை பேஞ்சா மேல வந்து, போற வண்டிச் சக்கரத்தையெல்லாம் முழுங்கும்.”

“அப்ப நம்ம பஸ்ஸப் புடிச்சதும் அதுதான்,” என்று முன் சீட்டிலிருந்து திரும்பினார், உர மூட்டையோடு வந்த சாமித்துரை.

அவர் வீரன் ஆனார். இசக்கியம்மாள் திருடி வேடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். பிராணியின் வாலைப் பிடித்து இழுக்கிறேன் என்று சாமித்துரை பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது.

“நீங்க புடிச்சது வாலு இல்ல அண்ணாச்சி. நாக்கு.”

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டுக்காரர்கள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள்.

“அது எதுக்குச் சக்கரத்தப் போயி முழுங்குது?” என்றாள் இசக்கியம்மாள்.

காளீஸ்வரி அதை யோசித்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. “அதோட முட்டை சக்கரம் மாதிரியே இருக்கும்க்கா. யாரோ களவாண்டுட்டாவ. ஒவ்வொரு சக்கரத்தையும் தன் முட்டைன்னு நெனைச்சு வாய்க்குள்ள வச்சுக் காக்குது.”

“அப்ப அத வெட்டப்படாது,” என்றார் சாமித்துரை. “எடுத்தவனத் தேடுவோம்.”

தேடக் கிளம்பும்போது டிராக்டர் வந்துவிட்டது. பசுவந்தனையில் இறங்கும்போது இசக்கியம்மாள் காளீஸ்வரியின் கையை விடவில்லை.

“எடுத்தது யாருன்னு சொல்லிட்டுப் போ.”

“எனக்கே தெரியாதுக்கா.”

“அப்ப போன் நம்பரக் குடு.”

காதுகுத்து வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டபோது காளீஸ்வரி மாடிப்படியில் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலை இடைவேளையில் இசக்கியம்மாள் போனில் கூப்பிட்டு மீதிக் கதையைக் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். மேலாளருக்குப் பயந்து வேலை செய்வது போல இது இல்லை. எழுதியதைச் சொல்லும்போது இசக்கியம்மாளின் குரல் எப்படி மாறும் என்று கேட்கக் காளீஸ்வரிக்கு ஆசையாக இருந்தது. அதற்காகவே காலையில் எழுத உட்கார்ந்தாள்.

பனிமலை வராது, கரிசல்காடுதான் வரும் என்று பயந்துகொண்டே கம்பெனிக்கு எழுதினாள். சம்மதித்தார்கள். ஆனால் முடிவைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னார்கள். ஒருநாள் அழுதே விட்டாள். கடைசியில், தேயாத சக்கரம் வேண்டுமென்று ராஜாவே அந்த முட்டைகளைத் தன் தேரில் பூட்டியிருந்தான் என்று முடித்தாள். கதை அவள் பெயரோடு வெளிவந்தது.

“நான் அப்பவே நெனைச்சேன்,” என்றாள் இசக்கியம்மாள், “பெரிய எடமாத்தான் இருக்கும்னு.”

எழுத்து ஓடாத நாட்கள் இன்னமும் வருகின்றன. புதுக் கதை என்றால் ஞாயிற்றுக்கிழமை இசக்கியம்மாள் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சேர்ந்துகொள்கிறார்கள். போன ஞாயிறு முத்துச்செல்வி என்ற பெண் ராணி ஆனாள். முதல் உத்தரவாக நாடு முழுக்க லீவு விட்டாள். அரண்மனை வாசல் பூதத்துக்கும் லீவு. பூதம் வேலைக்கு வராமல் கதை எப்படி நகரும் என்று காளீஸ்வரி வாரம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறாள்.