கண்டல் ஓரத்து மட்டி

சுனாமியன்று அந்தமானின் வண்டூர்ப் பக்கம் நிலம் தாழ்ந்ததில் ரோசலினின் நெல் வயல் உப்பங்கழியாகிவிட்டது. முதல் சில வருடங்கள் கறுப்புச் சேறும் நாற்றமும்தான். பிறகு சேற்றில் புழுக்கள் வந்தன. புழுவைத் தேடி நண்டுகள் வந்தன. கடைசியாக மட்டிச் சிப்பி பெருகியது. கணவர் இறந்தபின் அந்த மட்டியை விற்றுத்தான் மகள் ஷீபாவை நர்ஸிங் படிக்க வைத்தாள்.

பக்கத்து வீட்டு மரகதமும் அவளும் நீர் வற்றும் நேரத்தில் ஒன்றாகச் சேற்றில் இறங்குவார்கள். மட்டி எடுக்கும் பெண்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களின் ஓரத்தில் கைவைப்பதில்லை. அங்கே கிடப்பவை பெருகினால்தான் மற்ற இடங்களில் குஞ்சு பிடிக்கும்.

போன பிப்ரவரியில் மரகதம் அந்த ஓரத்திலேயே குனிந்து வாரிக்கொண்டிருந்தாள். வாளியில் நகமளவுக் குஞ்சுகள்கூட.

"என்ன மரகதம் இது?"

"வீட்ல கஷ்டம்க்கா. இந்த ஒரு வாட்டி."

ரோசலின் நம்பினாள். தன் வாளியிலிருந்தும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். மற்றப் பெண்கள் முணுமுணுத்தபோது, "அவளுக்கு என்ன முடையோ, விடுங்க" என்று பரிந்து பேசினாள். மரகதம் அடுத்த வாரமும் வாரினாள். அதற்கடுத்த வாரமும்.

ஏப்ரலில் லாரிகள் வந்தன. புது ரிசார்ட்டுக்குச் சாலை போட, கழிக்குள் கடல்நீர் ஏறும் வாயில் மண்ணைக் கொட்டினார்கள். நின்று வேலை வாங்கியவன் மரகதத்தின் கணவன் அன்பழகன். காண்டிராக்டரிடம் அவன் மேஸ்திரி. மழை பிடித்ததும் உள்ளே தேங்கிய நீரில் உப்பே இல்லாமல் போனது. மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. நண்டுகள் சாலையேறி டயரில் நசுங்கின. சேற்றைத் தோண்டினால் நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன.

ரோசலின் மரகதத்தின் வாசலில் போய் நின்றாள்.

"அடைக்கப்போறாங்கன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

மரகதம் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "பொங்கலப்பவே அவரு சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க பிரதான்கிட்ட போயிருப்பீங்க. ரோட்டு வேல நின்னுடும், அவரு மேஸ்திரி நௌக்ரியும் போயிடும். எப்படியும் சாகப்போற மட்டிதானக்கா. நாமளாவது எடுப்போம்னு..."

"நாமளா? நீ மட்டுந்தானட்டி எடுத்த."

மரகதம் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

ரோசலின் பஞ்சாயத்துத் தலைவரான பிரதானிடம் போனாள். பலமுறை நடந்தபின் சாலைக்கடியில் ஒரு குழாய் வைத்தார்கள். இப்போது கடல் ஏறும்போது கொஞ்சம் உப்புநீர் உள்ளே வருகிறது. குழாயருகே சிறு நத்தைகள் தென்படுகின்றன. மட்டி இன்னும் வரவில்லை. அவள் தூரத்து ஓடையொன்றில் தனியாக இறங்குகிறாள். கழி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. பரிந்து பேசியதை நினைத்தால்தான் இன்னும் முகம் சூடாகிறது.

சென்ற வாரம் போர்ட் பிளேர் பஸ்ஸில் மரகதம் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கக்கா, உக்காருங்க."

ரோசலின் கம்பியைப் பிடித்தபடி கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே போனாள்.