பதினேழாவது குறிப்பு

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குத் ‘தசமம்’ என்று பட்டம். எட்டாவது இலக்கம் பிசகினாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார். வயது நாற்பத்தாறு, குடியிருப்பது ஒற்றை அறை, அதில் ஒரே நாற்காலி.

பல நாட்டவர் ஊதியமின்றிச் சேர்ந்து எழுதிவரும் கணக்கீட்டு மென்பொருள் ஒன்றில், ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழித்தால் விடை சிதைவதை அவர் கண்டறிந்தார். திருத்தம் எழுதி அனுப்பினார். அதைப் பரிசீலித்த முகமறியாத பெண்மணி பதினேழு குறிப்புகள் இட்டிருந்தார். இரண்டு வாரத்தில் பதினாறுக்கு மறுமொழி சென்றது. அவ்வளவு நாள் அவரிடம் தொடர்ந்து பேசியவர் அண்மையில் வேறு எவருமில்லை.

பதினேழாவது சற்றுச் சுட்டது. திருத்தத்தைச் சரிபார்க்கும் சோதனை தேறவில்லை என்பதற்காக, அனுமதிக்கும் பிழையின் வரம்பையே தசமம் தளர்த்தியிருந்தார். “காய்ச்சல் இறங்கலைன்னு தெர்மாமீட்டரை மாத்திட்டீங்களா?” என்று கேட்டிருந்தார் அம்மையார்.

தசமம் தனியே வாய்விட்டுச் சிரித்தார். அன்றே கழித்தலைத் தவிர்த்துச் சூத்திரத்தை மாற்றி அமைத்தார்; பழைய வரம்பிலேயே சோதனை தேறியது. ஆனால் அனுப்பவில்லை. அனுப்பினால் கேள்வி தீரும். கேள்வி தீர்ந்தால் பேச்சும் தீரும்.

ஒன்பதாம் நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

“அந்தம்மா கேள்வியெல்லாம் முடிஞ்சுதாடா?”

“ஒண்ணு பாக்கி இருக்குக்கா.”

“பரீட்சையில முதல் ஆளா எழுந்து வருவியே! இப்ப என்ன, பேப்பரைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?”

அவர் பேச்சை மாற்றினார்.

வியாழனன்று அம்மையாரின் வரி வந்தது: “நாளைக்குப் புதுப் பதிப்பு. இது வரலேன்னா இன்னும் ஆறு மாசம் ஆகும்.”

ஆறு மாதம்! முதலில் அது இனிக்கத்தான் செய்தது. பிறகு, அந்த ஆறு மாதமும் எங்கோ ஒரு கூடத்தில் யாரோ பிழையான இலக்கத்தை நம்பி அறிக்கையில் கையெழுத்திடுவார் என்பது உறைத்தது. வெள்ளி நண்பகல் அனுப்பிவிட்டார்.

நாற்பது நிமிடத்தில் பதில்: “சேர்த்தாச்சு. அருமையான வேலை.”

உங்கள் ஊரில் மழையா, அடுத்து எதைப் பரிசீலிக்கிறீர்கள் என்று மூன்று வரி தட்டெழுதினார், அழித்தார். “நன்றி” என்று மட்டும் அனுப்பினார். அதற்கு மறுமொழி தேவையில்லை, வரவும் இல்லை.